ஏற்காடு இறக்கத்தில் கால் மடங்கியது ஏன்?

கேள்வி: எனக்கு 39 வயது, 62 கிலோ. சேலத்தில் வங்கி வேலை. ஜனவரியில் சென்னையில் என் முதல் முழு மாரத்தானுக்குப் பதிவு செய்திருக்கிறேன். அரை மாரத்தான் 2 மணி 25 நிமிடத்தில் ஓடியிருக்கிறேன். புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை விரதம். மதியம் தளிகை போட்ட பிறகு ஒரு வேளைச் சாப்பாடு, ராத்திரி பாலும் பழமும். மறுநாள் காலை ஐந்து மணிக்கு ஏற்காடு அடிவாரத்தில் தொடங்கி, 15 கிலோமீட்டர் ஏறி, அதே வழியில் இறங்கி 30 முடிப்பதாகத் திட்டம். முட்டி லேசாக வலித்ததால் கிளம்பும் முன் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டேன். ஏறும்போது நன்றாகவே இருந்தது. இறங்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் தொடை நடுங்கியது. 27ஆவது கிலோமீட்டரில் கால் மடங்கி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். குமட்டல், தலைவலி, மோதிரம் கழற்ற முடியாத அளவுக்கு விரல் வீக்கம். நாலு லிட்டர் தண்ணீர் குடித்திருந்தேன், அதில் குறைவில்லை. கணவர் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்ததால் வீடு வந்து சேர்ந்தேன். அன்று சாயங்காலம் சிறுநீர் கறுத்த டீ மாதிரி போனது, மறுநாள் தெளிந்துவிட்டது. நாலு நாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. கால் கட்டைவிரல் நகமும் கறுத்திருக்கிறது. வரும் ஞாயிறே அதே பாதையை ஓடி முடித்தால்தான் பயம் போகும் என்கிறார் எங்கள் ஓட்டக் குழுவில் ஒருவர். மாமியார், “இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு” என்கிறார். எனக்கு மனத்திடம் போதவில்லையா? அரை மாரத்தானுக்கு மாற்றிக்கொள்ளட்டுமா?

— வாசகி, சேலம்

பதில்:

கடிதம் வந்த அன்றே, சிறுநீர் நிறம் பற்றிய பதிலை மட்டும் உங்களுக்குத் தனியாக அனுப்பிவிட்டேன். பத்திரிகை அச்சாகும்வரை காத்திருக்கக்கூடிய விஷயம் இல்லை அது. மற்றவர்களுக்காக இங்கே மறுபடி சொல்கிறேன். தாங்க முடியாத அளவுக்கு வேலை வாங்கினால் தசை நார்கள் சிதையும். அவற்றுக்குள் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கசிந்து, சிறுநீரகம் வழியாக வெளியேறும். டீ நிறம் அதனால்தான். அளவு கூடினால் சிறுநீரகமே பழுதாகிவிடும். உங்களுக்கு மறுநாளே தெளிந்தது நல்ல அறிகுறி. ஆனால் நிறம் தெளிந்ததை வைத்து உள்ளே எல்லாம் சரி என்று முடிவுகட்ட முடியாது. அதனால்தான் தசைச் சிதைவைக் காட்டும் சி.பி.கே., சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம் என்ற நான்கு ரத்தப் பரிசோதனைகளையும் உடனே பார்க்கச் சொன்னேன். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு டீ நிறத்தில் போனாலோ, பல மணி நேரம் போகவே இல்லை என்றாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலை வரை பொறுத்துப் பார்க்கிற விஷயம் இல்லை.

இதில் அந்த வலி மாத்திரைக்கும் பங்கு உண்டு. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. ஓடும்போது ரத்தம் ஏற்கெனவே காலுக்கும் தோலுக்கும் திருப்பிவிடப்பட்டு, சிறுநீரகத்துக்குக் கிடைப்பது குறைந்திருக்கும். அந்த நேரம் பார்த்து மாத்திரையும் சேர்ந்துகொள்கிறது. 80 கிலோமீட்டர் ஓடுகிறவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஐபுப்ரோஃபென் எடுத்தவர்களில் பாதிப் பேருக்குச் சிறுநீரகப் பாதிப்பின் அறிகுறி தெரிந்தது. ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது மூன்றில் ஒருவர். மருந்து எடுக்காதவர்களிலேயே மூன்றில் ஒருவர் என்பதையும் கவனியுங்கள். மெடிக்கலில் கேட்டவுடன் கொடுக்கிறார்கள் என்பதால் அதைச் சாதாரணமாக நினைக்கிறோம். ஓட்டத்துக்கு முன்னாலும் நடுவிலும் வலி மாத்திரை கூடவே கூடாது. மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்ற அளவுக்கு முட்டி வலித்தால், அன்றைக்கு ஓட்டம் இல்லை.

சரி, இனி கால் மடங்கிய கதைக்கு வருவோம்.

விரதத்தைப் பற்றி எழுதத் தயங்கியே எழுதியிருக்கிறீர்கள், எங்கே திட்டப்போகிறேனோ என்று. திட்ட ஒன்றும் இல்லை. புரட்டாசி சனிக்கிழமை விரதம் பாட்டுக்கு இருக்கட்டும். அதற்கு மறுநாள் காலையில் 30 கிலோமீட்டர் வைத்ததுதான் பிரச்சினை. கணக்கைப் பாருங்கள். சமதரையில் ஓட, கிலோமீட்டருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். உங்களுக்குக் கிலோமீட்டருக்கு 62. ஏற்காடு ரோடு போன்ற ஏற்றத்தில் அதோடு மூன்றில் ஒரு பங்கு கூடும், இறக்கத்தில் கொஞ்சம் குறையும். எல்லாம் சேர்த்தால் நீங்கள் ஓடிய 27 கிலோமீட்டருக்கு 1,700, 1,800 கலோரி ஆகியிருக்கும்.

இதை உடல் எங்கிருந்து எடுக்கும்? கொழுப்பிலிருந்து ஒரு பங்கு. ஆனால் கொழுப்பு மெதுவாகத்தான் எரியும். மூச்சு வாங்க மலை ஏறுகிறவருக்கு முக்கிய எரிபொருள், தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜன் என்ற வடிவில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து. நன்றாகச் சாப்பிட்ட ஒருவரிடம் அது மொத்தமாக 400 முதல் 500 கிராம் இருக்கும், அதாவது 1,600 முதல் 2,000 கலோரி. உங்கள் எடைக்கு அதைவிடச் சற்றுக் குறைவு என்றே வையுங்கள். கல்லீரலில் இருக்கும் 100 கிராம் சொச்சம், ராத்திரி தூங்கும்போதே கணிசமாகக் கரைந்துவிடும். முந்தின நாள் ஒரு வேளைதான் சாப்பாடு. ராத்திரி பாலும் பழமும். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதவில்லை. வெறும் காபியாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். ஓடும்போதும் தண்ணீரைத் தவிர எதையும் குறிப்பிடவில்லை. பாதி காலியான கிடங்கோடு புறப்பட்டு, வழியில் ஒன்றும் நிரப்பாமல், நாலு மணி நேரம் ஓடியிருக்கிறீர்கள். 27 கிலோமீட்டர் வரை வந்ததே எனக்கு ஆச்சரியம்.

ஆகவே மனத்திடம் பற்றிய கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். தொடை நடுங்க ஆரம்பித்ததுமே கணவரின் ஸ்கூட்டரில் ஏறியிருந்தால் சிறுநீர் கறுத்திருக்காமலே போயிருக்கலாம். அன்று உங்களிடம் குறைந்தது சோறு. மனத்திடம் கொஞ்சம் அதிகமாகவே இருந்திருக்கிறது.

அடுத்தது இறக்கம். “ஏறும்போது நன்றாகவே இருந்தது” என்று நீங்கள் எழுதியிருப்பதைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரில். இந்த வித்தியாசத்தை 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறோம். ஏறும்போது மூச்சு முட்டும், இதயம் அடித்துக்கொள்ளும், ஆனால் தசைக்குச் சேதம் குறைவு. முன்தொடைத் தசை சுருங்கியபடி உடலை மேலே தள்ளுகிறது, அவ்வளவுதான். இறக்கத்தில் அதே தசை, நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் உடல் முன்னால் விழப்பார்க்கிறது, தொடை அதைத் தடுக்கிறது. மலையிலிருந்து லோடோடு இறங்கும் லாரிக்காரர் பிரேக்கை மட்டும் நம்பினால் அது காய்ந்து போகும் என்றுதான் கியரைக் குறைத்து இறங்குகிறார். நமக்குக் கியர் கிடையாது. முழு வேலையும் பிரேக்குக்குத்தான். தசை நார்கள் அதிகம் கிழிவது இந்த வேலையில்தான். மாடிப்படி ஏற முடிந்து, இறங்க மட்டும் முடியாமல் போனதன் காரணமும் இதுவே. அந்த வலி ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்லத் தணியும்.

தென்னாப்பிரிக்காவில் 1921இல் தொடங்கிய காம்ரேட்ஸ் என்ற ஓட்டம் இருக்கிறது. தூரம் 90 கிலோமீட்டரை ஒட்டி வரும். இரண்டு ஊர்களுக்கு இடையே பெரும்பாலும் ஒரு வருடம் ஏற்றமாகவும் மறு வருடம் இறக்கமாகவும் ஓடுவார்கள். இறக்க வருடம் சுலபம் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். ஓடியவர்களிடம் கேட்டால் தொடையைத் தடவிக்கொண்டே வேறு பதில் சொல்வார்கள்.

இறக்கத்துக்குத் தசை பழகாது என்று இல்லை. நன்றாகவே பழகும். ஒருமுறை அளவாக இறங்கி ஓடினால், அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கம் முன்னைப்போல் அடிக்காது. ஆனால் அந்த முதல் தவணை இரண்டு, மூன்று கிலோமீட்டராக இருக்க வேண்டும். நீங்கள் முதல் தவணையிலேயே 12 கிலோமீட்டரை, அதுவும் களைத்த காலோடு இறங்கியிருக்கிறீர்கள். அதைவிட முக்கியமான கேள்வி, இது உங்களுக்கு எதற்கு? சென்னை மாரத்தானில் மேம்பாலத்தைத் தவிர ஏற்ற இறக்கம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடாமல் இருக்க சேலத்துக்காரர்களுக்கு மனசு வராது, புரிகிறது. அப்படியானால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை அடிவாரத்திலிருந்து ஆறு, எட்டு கிலோமீட்டர் மேலே ஓடுங்கள், இறங்கும்போது ஸ்கூட்டரில் உட்கார்ந்து வாருங்கள். அதில் ஒரு வெட்கமும் இல்லை. விடிந்து வெளிச்சம் வந்த பிறகே கிளம்புங்கள், சேர்வராயன் மலையில் காட்டெருமை நடமாட்டம் உண்டு. வாழைப்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடாதீர்கள். அதைக் குரங்கு எடுத்துக்கொள்ளும்.

தண்ணீர். நாலு லிட்டர் குடித்ததால் குறைவில்லை என்கிறீர்கள். குறைவில்லைதான், கூடிவிட்டது என்பது என் சந்தேகம். வெறும் தண்ணீரை மணிக்கு ஒரு லிட்டர் வீதம், வியர்த்ததற்கும் மேலே குடித்தால், ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். குமட்டல், தலைவலி, விரல் வீங்கி மோதிரம் இறுகுவது எல்லாம் அதோடு பொருந்துகின்றன. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானை முடித்த 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது, 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின் முடிவில் எடை கூடியிருந்தவர்களுக்கு அந்த ஆபத்து அதிகமாக இருந்தது. முற்றினால் குழப்பம், வலிப்பு வரை போகும். மாத்திரைக்கு இங்கேயும் வேலை உண்டு, உடம்பிலிருந்து நீர் வெளியேறுவதை அது தாமதப்படுத்தும். மேலே போகப் போகக் குளிர்கிறது, வியர்வை குறைகிறது, தாகமும் எடுக்கவில்லை, ஆனாலும் கணவர் பாட்டிலை நீட்ட நீட்ட வாங்கிக் குடித்திருப்பீர்கள். அவருடைய அன்புக்கு ஒரு குறையும் இல்லை, பாட்டிலில் உப்புதான் இல்லை.

இனிமேல் ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால், குடித்ததற்கும் மேல் ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறது. எடையில் இரண்டு சதவீதம் வரை குறைவது சாதாரணம். கூடியிருந்தால் அடுத்த முறை குறைத்துக் குடியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 60 கிராம் குளுக்கோஸ் பவுடரோ சர்க்கரையோ, கால் டீஸ்பூன் உப்பு, ஒரு எலுமிச்சம்பழம். தாகத்தைப் பார்த்து, மணிக்கு அரை லிட்டர் அளவில் இதைக் குடிக்கலாம். அதில் 30 கிராம் மாவுச்சத்து வந்துவிடும். கூடவே மணிக்கு ஒரு வாழைப்பழமோ சில பேரீச்சம்பழமோ சேர்த்தால், தேவையான 30 முதல் 60 கிராம் என்ற கணக்குக்குள் நிற்பீர்கள். பசிக்கும்வரை காத்திருக்காமல் முதல் அரை மணி நேரத்திலேயே ஆரம்பியுங்கள். ஓ.ஆர்.எஸ். போதாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் அதில் இருக்கிறது. உப்புக்கு அது நல்லது, சாப்பாட்டுக்கு ஈடாகாது. கடலை மிட்டாய் ஓட்டத்தின் நடுவே வேண்டாம், அதில் இருக்கும் கொழுப்பு வயிற்றில் உட்கார்ந்துகொள்ளும். தட்டுவடை செட் ஓடி முடித்த பிறகு.

இன்னொரு பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஹீமோகுளோபினும், உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. ஓடுகிற பெண்களுக்கு இரும்புச்சத்து இன்னும் வேகமாகக் குறையும். பயிற்சி சரியாக இருந்தும் வேகம் ஏறவில்லை என்று வருகிற பெண்களிடம் முதலில் நான் பார்ப்பது இதைத்தான். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள்.

வரும் ஞாயிறு அதே பாதையை மறுபடி ஓடுவதா? வேண்டாம். உங்கள் குழு நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் சிதைந்த தசை ஆற இரண்டு வாரமாவது வேண்டும். ஆறுவதற்குள் மறுபடி கிழித்தால் நம்பிக்கை எங்கிருந்து வரும்? ரத்தப் பரிசோதனை முடிவுகள் சரியாக வரும்வரை நடை மட்டும். சி.பி.கே. அதிகமாக வந்தால், அது இறங்கும்வரை ஓட்டமே இல்லை.

எல்லாம் சரியாக இருக்கும்பட்சத்தில், புரட்டாசி முடியும்வரை வாரம் மூன்று நாள், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஐந்து, ஆறு கிலோமீட்டர் போதும். மிச்சமிருக்கும் சனிக்கிழமை விரதத்தைத் தாராளமாக இருங்கள், மறுநாள் ஓய்வு. உண்மையில் ஜனவரி ஓட்டத்துக்குப் புரட்டாசியிலேயே 30 கிலோமீட்டர் தேவையே இல்லை. “புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்” என்பார்கள். இரண்டுமே நீண்ட ஓட்டத்துக்கு ஆகாத நிலைதான். ஐப்பசியில் 16 கிலோமீட்டரில் ஆரம்பித்து, ஞாயிறுதோறும் இரண்டு மூன்று கிலோமீட்டர் கூட்டி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை குறைத்து, கார்த்திகை கடைசியில் 28ஐத் தொடுங்கள். அதுவே உங்கள் உச்சம். 32 ஓடியே ஆக வேண்டும் என்று குழுவில் சொல்வார்கள். அது வேகமாக ஓடுகிறவர்களின் கணக்கு. உங்கள் அரை மாரத்தான் நேரத்தை வைத்துப் பார்த்தால், நீண்ட ஓட்டத்தில் கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் சரியாக இருக்கும். 28 கிலோமீட்டருக்கே மூன்றரை மணி நேரம் ஆகிவிடும். அதற்கு மேல் கிடைக்கும் பலனைவிடச் சேதம் அதிகம் என்பது என் கருத்து. மார்கழி பிறந்ததும் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பாதை சமமாக இருக்கட்டும். வாரநாள் ஓட்டத்துக்குக் காந்தி ஸ்டேடியம், நீண்ட ஓட்டத்துக்கு இரும்பாலைப் பக்கம். வாரம் இருமுறை, ஒரு படியில் நின்று ஒற்றைக் காலால் மெதுவாகக் கீழிறங்கும் பயிற்சி, காலுக்குப் பத்து முறை. முட்டிக்கும் அது மருந்து.

அரை மாரத்தானுக்கு மாற்றும் முடிவை இப்போது எடுக்காதீர்கள். 24 கிலோமீட்டர் ஓட்டம் வரும்போது, சாப்பிட்டு, உப்புத் தண்ணீர் குடித்து, சமதரையில் ஓடிப் பாருங்கள். மறுநாள் வங்கியில் மாடிப்படி ஏறி இறங்க முடிந்தால் முழு மாரத்தானே ஓடலாம். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று எதிர்பார்த்து, பந்தயத்தின் கால வரம்பை இப்போதே பார்த்துவிடுங்கள். மாமியாருக்கு என்ன சொல்வது என்று கேட்டால், 39 வயது மாரத்தானுக்கு ஒரு வயதே இல்லை. ஆனால் ஓடிவிட்டு வந்த மருமகள் டீ நிறத்தில் சிறுநீர் போவதைப் பார்த்த எந்த மாமியாரும் கேட்கிற கேள்விதான் அது. பரிசோதனை ரிப்போர்ட்டை அவரிடமும் காட்டுங்கள்.

கறுத்த நகத்தைப் பற்றி: இறக்கத்தில் பாதம் முன்னால் சரிந்து விரல் ஷூவில் இடித்ததால் நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டியிருக்கிறது. வலி இல்லை என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். தானாக விழும்போது விழட்டும், பிடுங்க வேண்டாம். புது நகம் முழுதாக வளர ஒரு வருடத்துக்கு மேலேகூட ஆகும், அதனால் ஓட்டத்துக்குத் தடையில்லை. அடுத்த ஷூ வாங்கும்போது அரை சைஸ் பெரிதாக, கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.